பாப்பாவுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் வேணும்

மாப்ள,

எப்படிடா இருக்க, தங்கச்சி பசங்க எல்லாம் சௌக்கியமா? போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன்னு கட் பண்ணிடற, அதான் உக்காந்து எழுதறேன், பொறுமையா படி.

முழுப் பரீட்ச லீவுக்கு பெங்களூர்கிட்ட பிடதில இருக்கற வொண்டர்லா தீம் பார்க் போறோம்னு வீட்ல முடிவாயிடுச்சு. வீட்ல அவ மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரே போதுங்க, அப்படியே ஊட்டி பாத்துட்டு வந்துரலாம்னா, எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு, ஆனா பாப்பா யூடியூப்ல அந்த ரீகாயில் ரோலர் கோஸ்டர பாத்துட்டாடா, முன்னாடி போயி தலகீழா சுத்திட்டு அதே வழியில பின்பக்கமாவே திரும்பி வருமே அது, அன்னையிலருந்து பிடதிய தவிர வேற ஊர் பேரே அவ வாயில வரல.

அதுல ஒரு வில்லங்கம். இந்த மாதிரி பெரிய ரைடுக்கு எல்லாம் 140 சென்டிமீட்டர் ஒசரம் வேணும். எங்க கதவு நெலவுல பொறந்தநாளுக்கு பொறந்தநாள் பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கேன்ல, அங்க நிக்க வெச்சு டேப் புடிச்சா ராத்திரி 138, மறுநாள் காலைல 139. எனக்கே ஆச்சரியம், அப்பறம் பாத்தா நெசமாவே மனுசன் தூங்கி எந்திரிக்கறப்ப சுமாரா ஒரு சென்டிமீட்டர் கூட இருப்பானாம், பகல் பூரா நின்னு நடந்தா முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் அமுங்கிடுது. இத சொன்னது என் தப்பு, இப்ப தெனமும் காலைல மாமரத்துக் கெளைல தொங்கறா. கொண்டைய உச்சில போட்டுக்கறேன்ப்பான்னா, அடிப்பாவி, பலகைய வெச்சு அழுத்திதான் பாப்பாங்கன்னேன். டிக்கெட்டே அங்க ஒசரத்த பாத்துதான், 140க்கு கீழன்னா கொழந்த டிக்கெட், காசு மிச்சந்தானன்னு வாய விட்டு ரெண்டு நாள் பேசலடா என்கிட்ட.

அம்மாவும் வர்றாங்க. 60 தாண்டுனவங்களுக்கு டிக்கெட்ல சலுகை இருக்கு, ஆதார் எடுத்து வெச்சாச்சு. ஆனா அலைக் குளத்துல காட்டன் துணி ஆகாது, நைலான் டிரெஸ்தான் போடணும், சேலையோட எறங்க முடியாதும்மான்னா, "ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர்ல இடுப்பளவு தண்ணில சேலையோடதான முங்குனேன், எவன் கேட்டான்"ங்கறாங்க. நான் என்னத்த சொல்ல.

சனி ஞாயிறு வேணாம், செவ்வாக்கெழம போலாம், கூட்டமும் கம்மி, டிக்கெட்டும் கம்மி. திங்கக்கெழம மத்தியானம் கெளம்பி தொப்பூர் கணவாய வெளிச்சத்துலயே தாண்டிடறேன், எறக்கத்துல லாரிக்காரன் வர்ற வரத்து உனக்கே தெரியும். ராத்திரி ஓசூர்ல உன் வீடு. காலைல ரெண்டு கார்லயும் எலக்ட்ரானிக் சிட்டிகிட்ட நைஸ் ரோட்ட புடிச்சிட்டா பெங்களூருக்குள்ள போகாமலே மைசூர் ரோடு, டோலுக்குதான் கொஞ்சம் அழணும். 11 மணிக்கு கேட் தொறக்கறப்ப நிக்கணும், தண்ணி ரைடெல்லாம் எப்படியும் மத்தியானத்துக்கு மேலதான், அதுக்குள்ள காஞ்ச ரைட முடிச்சிரலாம். வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்க, அதனால தங்கச்சி விடியக்காலம் எந்திரிச்சு புளிசோறு கெளற வேணாம்னு சொல்லு. உனக்கு தட்டுவட செட்டு பார்சல் கொண்டாறேன், சட்னி தனி, கேரட் பீட்ரூட் தனி.

நீ ரீகாயில் ஏறுவியாடா? போஸ் மைதானத்துல பொருட்காட்சி ஜெயண்ட் வீல்ல மேல போயி நின்னப்ப என் கைய புடிச்சிக்கிட்டு மாரியாத்தா மாரியாத்தான்னியே, கீழ எறங்குனதும் டெல்லி அப்பளம் வாங்கிக் குடுத்து யார்கிட்டயும் சொல்லாதன்ன. பாப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், கோச்சிக்காத.

அப்பறம் ஒண்ணு, உங்க வீட்ல எச்சா பாய் இருக்கா? மெத்தைல படுத்தா முதுகு வளைஞ்சு ஒசரம் கொறையுமாம், தரையிலதான் படுப்பேங்கறா. ஓசூர்லருந்து பிடதி வரைக்கும் பின் சீட்லயும் படுத்துக்கிட்டேதான் வருவாளாம், அதனால எங்கம்மாவ உன் கார்ல ஏத்திக்க.

உன் மாப்ள
அம்மாபேட்டை, சேலம்