அப்பத்தாவின் இடுப்பும் ஒரு வல்லமும்

மண்டபம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

போனில் நீ சொன்னதற்கு எனக்கு அப்போது பதில் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை உருவம் வரையுற வகுப்பை விட்டுட்டேம்மா. ஆபீஸ்ல எனக்குக் குடுக்குறது பூராம் கோட்டை, காடு, பாழடைஞ்ச கப்பல். ஆள் வரையுறது வேற டீம். நான் எதுக்கு மணிக்கணக்கா ஒருத்தர் முதுகைப் பாத்துக்கிட்டு உக்காரணும்?" என்றாய். நான் "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிட்டேன். இரண்டு நாளாக உறுத்துகிறது. 31 வருஷம் டிராயிங் டீச்சராக இருந்துவிட்டு இதற்குப் பதில் சொல்லாவிட்டால் வாங்கிய சம்பளம் செரிக்காது.

நான் எழுதிய பரீட்சையில் ஒரு தாளுக்கு மாடல் டிராயிங் என்று பேர். பேர்தான் மாடல், மேசையில் வைத்தது வாளி, செங்கல், கூஜா. நல்ல மார்க். கல்யாணமாகி மண்டபத்துக்கு வந்த பிறகு கடற்கரையை வரைய உட்கார்ந்தால் படம் செத்துக் கிடக்கும். மணலில் ஏற்றிப் போட்ட வல்லம், பொம்மைக் கடை அலமாரியில் வைத்த மாதிரி நட்டுக்க நிற்கும். பலகை, கயிறு, துடுப்பு எல்லாம் சரியாக இருக்கும். எங்கே கோளாறு என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது.

ஒரு ஐப்பசி மழையில்தான் அது பிடிபட்டது. உங்க அப்பத்தா திண்ணையில் ஓலைப்பெட்டி முடைய உட்கார்ந்தால் மதியம் வரை இடம் மாறமாட்டார். காசு கேட்காத மாடல். காலண்டர் தாளின் பின்பக்கம், அடுப்பங்கரையில் கிடந்த கருவேலங்கரி. கமுதிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற கரி கெட்டி, தாளைக் கீறிவிடும். சுள்ளி வெந்த கரியாகப் பொறுக்கிக்கொள்வேன். முதல் வாரம் வரைந்ததெல்லாம் உப்பு மூட்டை. ஒருநாள் அப்பத்தாவே எட்டிப் பார்த்து, "ஏத்தா, எனக்கென்ன கை முழங்காலுக்குக் கீழ தொங்குது?" என்றார். பென்சிலைத் தொட்டறியாத மனுஷி.

அதைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன். பூவரச மரத்தில் ஒரு கிளையை இரண்டு விரற்கடை நீட்டிப் போட்டால் அந்த மரத்துக்கே தெரியாது. கோட்டைச் சுவரில் நீ நாலு கல் கூட்டினால் எவன் எண்ணப் போகிறான்? மனுஷக் கையில் அதே தப்பைச் செய்தால் மீன் வாங்க வந்தவள் வரை கண்டுபிடித்துவிடுவாள். பிறந்ததிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்கிற பொருள் அது ஒன்றுதான். கட்டடம் உன்னை மன்னித்துவிடும். அதை மட்டும் வரைந்துகொண்டிருந்தால், கண் மழுங்குவது உனக்கே தெரியாது.

அப்பத்தா ஒரு காலை நீட்டி, ஒரு முழங்காலைக் குத்துக்கால் வைத்து, பாரத்தையெல்லாம் இடது இடுப்பில் போட்டு உட்காருவார். இடுப்பு அந்தப் பக்கம் அழுந்தியதால் தோள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஈடுகட்டியது, கழுத்து மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது. கோவில் சிலையில் உடம்பு மூன்று இடத்தில் வளைவதைத் திரிபங்கம் என்று காட்டுவார்களே, அதன் திண்ணைப் பதிப்பு. மூட்டை ஆளாக மாறியது அன்றைக்குத்தான். அதே வாரம் மழை விட்டதும் தென்கடல் பக்கம் போனேன். வல்லம் அதன் அடிமரமான ஏராக் கட்டையில் நிமிர்ந்து நிற்கவே இல்லை. ஒரு விலாவைச் சாய்த்து, எதிரே ஒரு முட்டுக்கட்டை வாங்கி, உங்க அப்பத்தா மாதிரியே உட்கார்ந்திருந்தது. அத்தனை வருஷமாக அப்படித்தான் கிடந்திருக்கிறது!

கரைவலை இழுக்கிறவர்களை வரையப் போனது அதற்கப்புறம். அவர்கள் நமக்காக நிற்க மாட்டார்கள், 30 விநாடி கிடைத்தால் பெரிசு. முகம், விரல், கைலிக் கட்டம் எல்லாம் விட்டுப்போகும். குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை ஒரே சாய்கோடு மிஞ்சும். குதிகால் மண்ணில் புதைந்திருக்கும், உடம்பு பின்னால் சரிந்திருக்கும், அந்த நேரம் கயிறு அறுந்தால் மல்லாக்க விழுவார்கள். அதை நூறு தடவை கிறுக்கிய கைக்குக் கச்சான் காற்றில் சாய்ந்த பனை தானாக வந்தது. அலையும் ஆடும் காக்கையும்கூட. செல்போனில் படம் பிடித்து வீட்டில் வைத்து வரைகிறேன் என்று நீ ஒருமுறை சொன்னாய். கிட்டே போய் எடுத்தால் முன்னால் நீட்டிய கை பூசணிக்காயாக வீங்குகிறது. அது போகட்டும். எதை விடுவது, எதை வைப்பது என்ற அவசரம் அதில் இல்லை.

நீ திருப்பிக் கேட்பாய், எனக்குத் தெரியும். ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்தில் 300 வருஷத்துக்கு முந்தைய சுவரோவியங்கள், தஞ்சை மராட்டியரோடு சேதுபதி நடத்திய போர், ராமாயணம் என்று உனக்குச் சின்ன வயசிலேயே காட்டியிருக்கிறேன். அவர்கள் எந்த வகுப்பில் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்பாய். நியாயம்தான். அங்கே யாருக்கும் நிழல் விழாது, அந்த மரபின் கணக்கு வேறு. ஆனால் அவர்களும் ஆளை முதலில் நிறுத்தி, அந்த ஆளுக்கு ஏற்றபடிதான் மண்டபத்தைப் போட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நீ போன மாசம் அனுப்பிய பாழ்கப்பலுக்கு வருகிறேன். துரு, பாசி, உடைந்த பலகை, ஒவ்வொன்றும் அருமை. அப்பா போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்கு மட்டும் அது மண்ணுக்கு ஒரு சாண் மேலே மிதக்கிறது. வாசலும் ஆள் நுழையுற வாசலா, நண்டு வளையா என்று புரியவில்லை. புரட்டாசியில், வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கோபுரம் அனுப்பினாயே, அது தரையை அமுக்கிக்கொண்டு நின்றது. மேல்வேலை இதைவிடக் குறைச்சல்தான்.

உன்னைச் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்த்த அன்றைக்கு மெரினாவுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? அந்தக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை, 1959-இல் வைத்தது. நாலு பேர் ஒரு பாறையைத் தள்ளுகிறார்கள். பாறைக்கு எடை வந்ததே அவர்கள் முதுகாலும் கெண்டைக்காலாலும்தான். ஆட்களை எடுத்துவிட்டால் அது சும்மா ஒரு கல். நீ சுண்டல் தின்னும் அவசரத்தில் இருந்தாய், நான் சொல்லவில்லை.

வகுப்புக்குப் பணம் கட்டச் சிரமம் என்றால் போக வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் உட்கார், எல்லாரும் ஒற்றைக்காலில் பாரம் போட்டுத்தான் நிற்பார்கள். பார்சலில் கருவாட்டுக்கு அடியில் ஒரு டப்பாவில் வலை ஈயம் ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டி வைத்திருக்கிறேன். கையை நீட்டித் தொங்கவிட்டு, நிற்கிறவரின் கழுத்துக்குழிக்கு நேரே நரம்பு எந்தக் காலில் விழுகிறது என்று பார். பாரம் தாங்கும் காலின் கணுக்காலை ஒட்டி விழும். சிலையின் நடுவே போகும் இந்த நேர்கோட்டை ஸ்தபதிகள் பிரம்ம சூத்திரம் என்பார்கள். நமக்கு ஈயம் போதும்.

அப்பாவையும் அப்படித்தான் வரைந்துகொண்டிருக்கிறேன், சாயங்காலம் கேட்டடியில் நிற்கும்போது. ஈயம் எப்போதும் இடது காலுக்கே போகிறது. மார்கழியிலிருந்து போட்ட ஏழெட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அப்படியே. வலது முழங்காலை ஊன்றுவதே இல்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார். ஆஸ்பத்திரிக்கு நான் கூப்பிட்டால் வரமாட்டார். நீ ரெண்டு நாள் லீவு போட்டு வா. படங்களைக் காட்டாதே, கோபம் வரும்.

அம்மா