ஹான் காங்கைப் பாதியில் மூடி வைத்த தோழிக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். தம்பிக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது.

சரி, தென் கொரிய எழுத்தாளர் ஹான் காங் விஷயத்துக்கு வருகிறேன். 'தி வெஜிடேரியன்' நாவலில், இறைச்சி சாப்பிடுவதை விட்டுவிட்ட மகள் யோங்ஹே வாயில் அப்பா இறைச்சியைத் திணிக்கிற இடத்தோடு மூடி வைத்துவிட்டேன், வெறும் கொடுமைதானே, இதற்கா நோபல் என்று கேட்டிருந்தாய். அந்த இடத்தில் எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் நீ நிறுத்திய இடத்துக்கு அப்புறம்தான் கதையே இருக்கிறது. கடைசிப் பகுதி அக்கா இன்ஹே பார்வையில் வருகிறது. சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கியதெல்லாம் தங்கை யோங்ஹேதான்; மூத்தவள் குடித்துவிட்டு வருகிற அப்பாவுக்கு சூப் வைத்துக் கொடுப்பாள், அதனால் அவள் மேல் கை நீளவில்லை. பொறுப்பான பெண் என்று எல்லோரும் மெச்சிய அந்தக் குணம், பயத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த வழிதான் என்று தங்கையை மனநல மருத்துவமனையில் வைத்துப் பார்க்கிற காலத்தில்தான் அவளுக்குப் புரிகிறது. தன்னை மரம் என்று நம்பிச் சாப்பிட மறுக்கிற தங்கையை விட, கடை நடத்தி, பிள்ளை வளர்த்து, எல்லாம் சரியாகச் செய்கிற இந்த அக்காதான் என்னைத் தூங்க விடவில்லை.

அவர் எழுத்தில் ரத்தம் நிறைய வருகிறது, மறுக்கவில்லை. அந்த ரத்தத்துக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அதைக் கவனி. 'ஹ்யூமன் ஆக்ட்ஸ்' படித்தால் தெரியும். 1980 மே மாதம் தென் கொரியாவின் குவாங்ஜூ நகரத்தில் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றதைப் பற்றிய நாவல். டோங்ஹோ என்ற பள்ளிக்கூடப் பையன் உடல்களை வைத்திருக்கிற கூடத்தில் உதவி செய்கிறான், நாற்றத்துக்காக மெழுகுவத்தி ஏற்றி வைக்கிறான், யார் யார் வந்து அடையாளம் காட்டினார்கள் என்று நோட்டில் எழுதுகிறான். அந்த அத்தியாயம் முழுக்க அவனை 'நீ' என்று கூப்பிட்டே எழுதியிருக்கிறார். படிக்கிற நாமும் அந்தக் கூடத்தில் நிற்க வேண்டியதுதான், தப்பிக்க வழியில்லை. பின்னால் ஒரு பெண் வருகிறாள், பதிப்பகத்தில் வேலை, விசாரணையில் கன்னத்தில் ஏழு அறை வாங்கியவள். ஒரு நாளைக்கு ஓர் அறை என்று மறந்துவிட முடிவு செய்கிறாள். எனக்கு அந்த எண்ணிக்கை தாங்கவில்லை.

ஹான் காங் பிறந்ததே குவாங்ஜூவில்தான். கொலைகள் நடப்பதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் குடும்பம் சியோலுக்குக் குடிபோனது. அப்பாவும் நாவலாசிரியர். ரகசியமாகக் கைமாறிய புகைப்படப் புத்தகம் ஒன்று வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது, 12 வயதில் அதை எடுத்துப் பார்த்துவிட்டார். சிதைந்த முகங்கள் இருந்த அதே புத்தகத்தில், காயம்பட்டவர்களுக்கு ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற நீண்ட வரிசையும் இருந்ததாம். மனிதன் இதையும் செய்கிறான், அதையும் செய்கிறான், எப்படி என்று கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் எழுதியிருக்கிறார். நீ வெறும் கொடுமை என்று சொன்னபோது எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வந்தது.

2024 டிசம்பர் 3 ராத்திரி அப்போதைய தென் கொரிய அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார் இல்லையா? ஜனங்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள், சில மணி நேரத்தில் உறுப்பினர்கள் உள்ளே கூடி அதற்கு எதிராக வாக்களித்தார்கள். நாலு நாள் கழித்து ஸ்டாக்ஹோமில் ஹான் காங்கின் நோபல் உரை. இறந்தவர்களால் உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்ற முடியுமா என்று அதில் கேட்டிருந்தார். முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். குவாங்ஜூ நினைவில் இல்லாத ஊராக இருந்திருந்தால் அந்த ராத்திரி அத்தனை பேர் வெளியே வந்திருப்பார்களா?

'வெஜிடேரிய'னை இன்னும் ஒரு தடவை எடு. நடுப் பகுதி பிடிக்காவிட்டால் வேகமாகப் புரட்டிக்கொள், எனக்கும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கடைசிப் பகுதியை மட்டும் நிதானமாகப் படி. இன்ஹே கோழையா, இல்லை அந்த வீட்டில் வேறு வழியே இல்லையா, நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. நீயும் மூத்தவள்தானே.

அன்புடன்,
மாலா