மர ரோலர் கோஸ்டருக்கு வயதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேளிக்கைப் பூங்காக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். மர ரோலர் கோஸ்டர்கள் காலாவதியானவை, ஆபத்தானவை, இடித்துவிட்டு எஃகில் கட்டுவதே நல்லது என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

நூறு வருடத்து மரம் எப்படித் தாங்கும் என்று கேட்கிறார். அங்கே நூறு வருடத்து மரம் அதிகம் மிஞ்சியிருக்காது. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து முடுக்கி, சக்கரம் உருளும் இடத்தில் மட்டும் இரும்புப் பட்டை பதித்ததுதான் அதன் தண்டவாளம். மழையில் மரம் ஊறும், வெயிலில் சுருங்கும், போல்ட்டுகள் தளரும். அதனால்தான் காலையில் பூங்கா திறக்கும் முன்பே ஆட்கள் தடத்தின் மேலேயே ஏறி நடந்து, ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். தளர்ந்ததை முடுக்குகிறார்கள், உளுத்த பலகையைக் கழற்றிப் புதியதைப் போடுகிறார்கள். நியூயார்க்கின் கோனி தீவில் 1927-இல் திறந்த 'சைக்ளோன்' என்ற மர கோஸ்டர் இத்தனை தலைமுறையைத் தாண்டி நிற்பதற்கு இந்தத் தச்சர்களின் உழைப்புதான் காரணம். எழுபதுகளில் அதை இடிக்கும் பேச்சு எழுந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1988-இல் நகரமே அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

வண்டி வளைவில் திரும்பும்போது மரச்சட்டம் அசைவது கண்ணுக்கே தெரியும். பார்ப்பவருக்குப் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் அந்த விசையை வாங்கிக்கொள்வதற்காகத்தான் சட்டத்தில் அவ்வளவு நெகிழ்வு வைத்துக் கட்டுகிறார்கள். மேட்டில் ஏறும்போது கேட்கும் 'டக் டக்' ஒலியும் வண்டி பின்னோக்கி உருளாமல் பல்லில் மாட்டும் கொக்கியின் ஒலியே. வண்டி மேலே எழும்பிவிடாமலிருக்கத் தடத்தின் அடியிலும் சக்கரம் உண்டு. அமெரிக்க கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் இந்த ஏற்பாட்டுக்கு 1919-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

விபத்தே நடக்கவில்லை என்று நான் வாதிடவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'சன் ஆஃப் பீஸ்ட்' என்ற மர கோஸ்டரில் 2006-இல் ஒரு சட்டம் விரிசல் விட்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2009-இல் மூடி, 2012-இல் இடித்தே விட்டார்கள். அது கட்டியது 2000-ஆம் ஆண்டில்! அதே பூங்காவில் 1979-இல் கட்டிய 'பீஸ்ட்', இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தடத்தோடு, அதற்குப் பிறகும் ஓடியது. 2017-இல் அங்கேயே 'மிஸ்டிக் டிம்பர்ஸ்' என்று இன்னொரு மர கோஸ்டரையும் கட்டினார்கள். வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் கோளாறு இருந்தால் புதியதும் முறியும்.

பழைய மரச்சட்டத்தின் மேல் எஃகுத் தடம் பதித்துத் தலைகீழாகச் சுழலவிடும் முறை இப்போது பரவி வருகிறது. அதில் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அப்படி மாற்றிவிட்டால், மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912-இல் திறந்த கோஸ்டரில் பயணிகளுக்கு நடுவே ஒருவர் நின்றபடி கையால் பிரேக் பிடித்து வண்டியை ஓட்டுகிறாரே, அந்தத் தொழில் தெரிந்தவர்கள் எங்கே போவார்கள்?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, காலையில் தடத்தில் ஏறி நடக்கும் ஓர் ஆளிடமாவது உங்கள் நிருபர் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டிய வருடத்தோடு, கடைசியாக எந்தப் பகுதியில் எப்போது பலகை மாற்றினார்கள் என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்