தள்ளி நிற்கச் சொன்னவர்களுக்கு

ஞாயிறு விடிந்தால் கேமராவும் முக்காலியுமாய், மலேசியாவில் ஈப்போ நகரத்திலிருந்து எங்கள் பத்து காஜா ஊர்ப் பக்கம் வரும் படக்காரத் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

நான் தோட்டத்து ஆள். அப்பா, அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். நான் பள்ளி வேன் ஓட்டிப் பிழைத்தவன். உங்களில் சிலருக்கு வழி சொன்னதும் நான்தான். வெள்ளைக்காரத் துரை ஒருவர் பாதியில் விட்ட கெல்லி கோட்டைக்குப் போகிறவர்களை வெயில் சாய்ந்ததும் போகச் சொன்னேன். செந்நாரையும் வக்காவும் கூடு கட்டும் பழைய ஈய லம்பக் (சுரங்கக்) குட்டைகளுக்குக் காடியை எங்கே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும் என்று காட்டினேன். 1938-ல் கட்டிய, தண்ணீரில் மிதந்தபடி ஈயம் தோண்டிய தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பலையும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) நடுவில், எங்கள் தோட்ட எல்லையில் மதுரை வீரன் கோயில் இருக்கிறது. முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரை. சிமெண்டு பெயர்ந்து வால் பக்கம் கம்பி தெரியும். பக்கத்து லயத்து அக்கா ஒருவர் குந்தி உட்கார்ந்து குதிரையின் குளம்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். உங்களில் ஒருவர், "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்குங்க, படத்துல வர்றீங்க" என்றார். அக்கா மறுபேச்சில்லாமல் எழுந்து, மஞ்சள் கையோடு மரத்தடியில் போய் நின்றார். அரை மணி நேரம். மூன்று குளம்புதான் முடிந்திருந்தது.

படம் பிறகு என் கைப்பேசிக்கும் வந்தது. பனிமூட்டமும் செம்பனையும் ஒற்றைக் குதிரையுமாய் அழகான படம்தான், குறை சொல்ல மாட்டேன். அடியில் எழுதியிருந்தது: "கைவிடப்பட்ட தோட்டக் கோயில்." பெரிதாக்கிப் பாருங்கள் தம்பி. அந்த மூன்று குளம்பிலும் மஞ்சள் இன்னும் ஈரமாய் மின்னுகிறது.

என் மகள் அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் படித்தாள். அதுதான் குதிரைச் சீமை. சுற்றிலும் பந்தயக் குதிரைப் பண்ணைகள். அங்கேயும் தரைக்கடியில் நம் கிந்தா பள்ளத்தாக்கு மாதிரியே சுண்ணாம்புக் கல். அந்த மண்ணில் விளையும் புல்லைத் தின்பதால் குதிரைக்கு எலும்பு வலுக்கிறது என்பார்களாம். பலகை வேலியும் தாயோடு ஒட்டி நிற்கும் குட்டியுமாய் படம் படமாய் அனுப்புவாள். அதில் ஒன்று, சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சாலையோரச் சுவர். யார் கட்டியது என்று கேட்டேன். அயர்லாந்திலிருந்து வந்த கொத்தர்களும், அடிமைகளாய் வைத்திருந்த கறுப்பின மக்களும் என்றாள். 1875-ல் நடந்த முதல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் குதிரை ஓட்டிய 15 பேரில் 13 பேர் கறுப்பினத்தவர், ஜெயித்த ஆலிவர் லூயிஸும் அவர்களில் ஒருவர் என்றும் சொன்னாள். அவள் அனுப்பிய அஞ்சலட்டைகளில் வேலி இருந்தது, குதிரை இருந்தது. ஒரு மனிதரும் இல்லை.

நம் கெல்லி கோட்டை மட்டும் என்னவாம்? 1915-ல் தொடங்கி, 1926-ல் கட்டிய துரை வில்லியம் கெல்லி ஸ்மித் லிஸ்பனில் இறந்ததும் அப்படியே நின்றுபோன வீடு. கட்டும்போது விஷக்காய்ச்சல் வந்து வேலையாட்கள் பலர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், துரையும் கட்டித் தந்தார். அந்த நன்றிக்குத் தொப்பி போட்ட துரையைச் சிலையாய்க் கோயில் கூரை மேல் சாமிகளுக்கு நடுவே நிற்க வைத்தார்கள். நீங்கள் லென்ஸைத் திருகித் திருகி எடுப்பது அந்தத் தொப்பியைத்தான். மேலே ஏறி அதைச் செய்து வைத்த கை எந்தப் படத்திலும் இல்லை.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் வந்தால் கடைத்தெருவில் நாலு கிளாஸ் தே தாரேக் கூடுதலாய் ஓடும். குட்டைப் பக்கம் மட்டும் கூடுகளுக்கு மேலே டிரோன் விடாதீர்கள். தாய்ப்பறவை எழும்பிப் போனால் குஞ்சு வெயிலில் கிடக்கும். அந்த வெள்ளைக் குதிரைப் படத்துக்கு அடியில் இருக்கும் வரியையும் மாற்றிவிடுங்கள்.

அக்காவுக்குக் கோபமெல்லாம் கிடையாது. இந்த மடல் எழுதப் போகிறேன் என்றதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஞாயித்துக்கிழம ஆறரைக்கெல்லாம் அங்கதான் இருப்பேன். குதிரையோட என்னையும் சேத்து எடுத்து, ஒண்ணு கழுவிக் குடுக்கச் சொல்லு. சாமி மேடையில மாட்டணும்."