தம்பிக்கு, அம்மா எழுதுவது

தம்பி,

போன வாரம் போனில் பேசும்போது, நம் குடும்பம் யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தது என்று மருமகளிடம் பெருமையாகச் சொன்னாய். உழைத்தோம், சரி. அந்தத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், உழைக்காதவர் யார், சொல்லு?

உன் பாட்டியின் அப்பா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவின் பினாங்குக்கு வந்து கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பவே இல்லை. அப்புறம் பாட்டி சின்ன வயதிலேயே பால் வெட்டும் கத்தியைப் பிடித்துவிட்டார். இருட்டோடு பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும், வெயில் வந்தால் பால் நின்றுவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை. அந்த மாதங்களில் பட்டணத்துச் சீனர் கடைக்காரர் 555 கடன் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார், ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. என்னை வளர்த்தது பாதி நாள், வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை ஆயாதான், தன் பிள்ளைக்கு ஊட்டிய கையால்தான் எனக்கும் ஊட்டினார்.

முக்கியமாக நீ தெரிந்துகொள்ள வேண்டியது தோட்டத்துக் கிராணியை, அந்தக் கணக்குக் குமாஸ்தாவை, பற்றி. 1957-ல் சுதந்திரம் வந்த சமயம், குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று லயத்தில் பலருக்குத் தெரியவே தெரியாது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக வந்து, ஒரு காசு வாங்காமல், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்காக எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பாட்டியைவிட வேகமாக வெட்டுவாராம், ஆனால் அவர்கள் வீட்டில் அப்போது மனுப் போடவில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, அவ்வளவு உழைத்த அந்தக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியது. இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் போய் என்ன பாடுபட்டார்களோ, இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சுதந்திரம் வந்த அந்தச் சமயத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. தோட்டம் போனால் வேலையோடு வீடும் போய்விடும். பாட்டாளிகளே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதில் பங்கு வாங்கினார். அவர் பெயரில் இருந்த முதல் சொத்து அதுதான். நான் டீச்சரானதும் நீ எஞ்சினியரானதும் அதற்குப் பிறகு நடந்தவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆயாவின் பேத்தி மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டாள், நல்ல மதிப்பெண். அவள் அம்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், பல்கலைக்கழக மனுவை எப்படி நிரப்புவது, எந்தத் துறையைக் கேட்பது என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. பணம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடு, அவளை இங்கே வரச் சொல்கிறேன். அவசரப்படுத்தாமல் முழு மனுவையும் கூட இருந்து நிரப்பிக் கொடு.

அம்மா