மழை மாதிரி எடுப்பதை நிறுத்தாதீர்கள்: ஆய்வு மைய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளவைக்கு நிதி இல்லை, அடுத்த மாதத்திலிருந்து மழை மாதிரி அனுப்ப வேண்டாம் என்ற உங்கள் இரண்டு வரிக் கடிதம் கிடைத்தது. அதுவும் வடகிழக்குப் பருவமழை தொடங்கப்போகிற நேரத்தில். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தனியாக எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வராததால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. கடல்நீரில் ஆயிரம் ஆக்சிஜன் அணுக்களில் ஏறக்குறைய இரண்டு, எடை கூடிய ஆக்சிஜன்-18. மேகம் மழையாகும்போது அதைக் கொண்ட கனமான நீர் மூலக்கூறுகள் முந்திக்கொண்டு இறங்கிவிடுகின்றன, மிச்சமிருக்கும் நீராவி போகப்போக லேசாகிறது. வழியெல்லாம் கொட்டிக்கொண்டே வரும் வங்கக்கடல் புயலின் மழையில் கன ஆக்சிஜன் நன்றாகக் குறைந்திருப்பது இதனால்தான். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஓர் ஊர்க் கிணற்றில் ஊறுவது ஐப்பசி மழையா ஆடி மழையா என்று சொல்ல முடிகிறது. மழைநீர் சொட்டிச் சொட்டிக் குகைகளில் படியும் சுண்ணாம்புப் பாறையிலிருந்து பழைய பருவமழையைக் கணிக்கவும் இன்றைய மழையில் கன ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரிந்தால்தான் முடியும். சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து தொடங்கிய மழைநீர் ஐசோடோப் கண்காணிப்பில் டெல்லியின் பதிவு 1961லிருந்து இருக்கிறது. அன்று யாரோ சலிக்காமல் மாதாமாதம் பாட்டிலை நிரப்பியதால்தான் அந்த எண்கள் இன்று நம் கையில் இருக்கின்றன.

போன கோடையில் உங்கள் மையத்துக்கு வந்தபோது மாடிப்படிக்குக் கீழே எங்கள் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தேன். பிரிக்கவே இல்லை. ஒன்றைத் திறந்தால், கழுத்துவரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடி அனுப்பிய பாட்டிலில் ஒரு விரற்கடை நீர் குறைந்திருந்தது. மூடி தளர்ந்திருக்கிறது. ஆவியாகும்போது லேசான மூலக்கூறுகள்தான் முதலில் போகும், ஆகவே மிஞ்சிய நீரை இனி அளந்தால் கார்த்திகை மழை கோடை மழையைப் போலக் காட்டும். அந்த மாதம் போனது போனதுதான். ஆவியாகிவிடக் கூடாது என்று சேகரிப்பானில் பாரஃபின் எண்ணெய் மிதக்கவிட்டு, மழையளவும் வெப்பநிலையும் சீட்டில் எழுதி ஒட்டி அனுப்பியவர்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியாதா?

வெள்ளம் வந்தால் ஒரு குழு, வறட்சி வந்தால் ஒரு குழு, ஆளுக்கொரு அறிக்கை. பருவமழை மாறிவிட்டது என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். எங்கே, எப்படி மாறியது என்று காட்டக்கூடிய நீண்ட பதிவுக்கு மட்டும் பணம் இல்லை என்றால் என்ன நியாயம்? புதுக் கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், மாதாமாதம் நிரப்பும் பாட்டிலுக்கு வைக்க முடியாது. அதனால்தான் அதை யாரும் கவனிப்பதில்லை என்று நினைக்கும்போது கோபம் வருகிறது.

சரி, கோபத்தை விட்டுவிட்டுக் கேட்கிறேன். அளக்க இப்போது பணம் இல்லையென்றால் அளவையைத் தள்ளிப்போடுங்கள், மாதிரி எடுப்பதை நிறுத்தாதீர்கள். இறுக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் தண்ணீர் வருடக்கணக்கில் கெடாது. ஐசோடோப்பை அளக்கும் லேசர் கருவிக்குத் தேவை ஒன்றிரண்டு மில்லிலிட்டர்தான், பின்னால் அளந்துகொள்ளலாம். விழுந்த மழையைப் பின்னால் பிடிக்க முடியாது. மாடிப்படிக்குக் கீழே இருப்பவற்றில் மூடி இறுக்கமாக உள்ளவற்றையாவது தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு வரி பதில் போடுங்கள். இந்த மழைக்கும் பாட்டில் கழுவிக் காயவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மழை மாதிரி எடுக்கும் ஒரு கல்லூரி ஆசிரியர்