ரன்னோக்கின் சமாதானம் ஏன் பேசவில்லை?

மாஸ் எஃபெக்ட் என்னும் விண்வெளிக் காணொளி விளையாட்டு வரிசையின் அடுத்த பாகத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும் பயோவேர் நிறுவனத்தின் கதையாசிரியர்களுக்கு,

வணக்கம். 2012 மார்ச்சில் வெளிவந்த மூன்றாம் பாகத்தின் முடிவைக் குறித்து மீண்டும் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். சுழற்சிதோறும் நாகரிகங்களை அழிக்கும் ரீப்பர் இயந்திரங்களை அழித்தல், அவற்றை ஆளுதல், உயிரையும் இயந்திரத்தையும் இணைத்தல் என்று அங்கே எங்களுக்குத் தரப்பட்ட மூன்று வழிகளும் சிவப்பு, நீலம், பச்சை என நிறத்தில் மட்டுமே வேறுபட்டன என்பது அன்றைய பெருங்குறை. அதைக் குத்திக்காட்ட ரசிகர்கள் அனுப்பிய, மூன்று நிறப் பூச்சும் ஒரே சுவையும் கொண்ட 400 கப்கேக்குகள் உங்கள் எட்மண்டன் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குறையை ஜூன் மாதம் இலவசமாக வெளியிட்ட நீட்டித்த முடிவில் ஓரளவு தீர்த்தும் வைத்தீர்கள்.

தீராதது வேறொன்று. இறுதிக் காட்சிகள் யாவும் ரீப்பர்கள் கதைநாயகர் ஷெப்பர்டின் மனத்தை வசப்படுத்த முயலும்போது தோன்றும் மயக்கமே என்று சொல்லும் 'இன்டாக்ட்ரினேஷன்' கோட்பாட்டை நான் ஏற்பவன் அல்லன். நீட்டித்த முடிவுக்குப் பின் அதற்கு இடமும் இல்லை. ஆயினும் ரீப்பர்களை ஆட்டிவைக்கும் கேட்டலிஸ்ட் ஷெப்பர்டின் கனவுகளில் வந்த சிறுவனின் உருவிலேயே ஏன் நிற்கிறது, அழித்தலைத் தேர்ந்தவருக்கு மட்டும் இடிபாடுகளுக்கிடையே ஷெப்பர்ட் இழுக்கும் அந்த ஒரு மூச்சு ஏன் காட்டப்படுகிறது என்று அக்கோட்பாட்டினர் கேட்டவை வெறும் பிடிவாதக் கேள்விகள் அல்ல. ஷெப்பர்ட் அங்கே ஷெப்பர்டாகப் பேசவில்லை என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்தார்கள். காரணத்தைத்தான் கதைக்குள் தேடினார்கள்.

முதல் பாகத்தில் செரன், மூன்றாம் பாகத்தில் இல்யூசிவ் மேன் என்ற எதிரிகளை சொல்லாலேயே வீழ்த்த எங்களுக்கு வழி வைத்தவர்கள் நீங்கள். இரண்டாம் பாகத்தில் குவேரியன் இனத் தோழி டாலிக்காகவும் கெத் இயந்திரத் தோழன் லீஜியனுக்காகவும் நாங்கள் செய்தவற்றை நினைவில் வைத்திருந்து, குவேரியன்களின் தாய்க்கோளான ரன்னோக்கில் அவர்களுக்கும் அவர்கள் படைத்த கெத்துகளுக்கும் இடையே சமாதானம் வாய்க்குமா என்று முடிவு செய்ததும் உங்கள் விளையாட்டுதான். படைக்கப்பட்ட இயந்திரங்கள் படைத்தவர்களை எதிர்த்தே தீரும் என்று கேட்டலிஸ்ட் சாதிக்கும்போது, அந்தச் சமாதானத்தைச் சான்றாகக் காட்ட ஒரு வரி வசனம்கூட எங்களுக்கு இல்லை. நீட்டித்த முடிவு நான்காவதாக மறுக்கும் உரிமையைத் தந்தது உண்மையே. ஆனால் மறுத்த மறுகணமே சிறுவனின் குரல் ரீப்பரின் குரலாக மாற, அந்தச் சுழற்சியின் நாகரிகங்கள் யாவும் ரீப்பர்களால் அழிந்துபோகின்றன. கேள்வி கேட்ட மாணவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதுபோல் இருந்தது அது.

அடுத்த விளையாட்டு எந்த முடிவைத் தொடர்ந்து செல்லும் என்பது உங்கள் உரிமை. ஒன்றை மெய்யெனக் கொண்டு மற்றவற்றைக் கைவிட்டாலும் நான் வருந்த மாட்டேன். நான் கேட்பது சிறியது. புதிய நாயகரின் முன் யார் வந்து ஒரு கொள்கையை நிலைநாட்ட முயன்றாலும், அதுவரை நாங்கள் செய்தவற்றைச் சான்றாக வைத்து எதிர்வாதம் புரிய, பதில்களை நாங்கள் தேர்ந்தெடுக்கும் உரையாடல் வட்டத்தில் ஓர் இடம் விடுங்கள். அந்த வாதத்தில் நாங்கள் தோற்றாலும் சரி.

இப்படிக்கு,
மூன்று பாகங்களையும் ஒரே ஷெப்பர்டைக் கொண்டு ஆடி முடித்த ஒருவன்